மட்டை மீண்டது, மொழி மீண்டதா?

“விளையாட்டை விளையாட்டாகவே பிள்ளைகட்குக் கற்பிக்க வேண்டும், அதில் இனத்தையும் மொழியையும் அரசியலையும் கலத்தல் ஆகாது” என்பது நடுவுநிலை பேசுவார் பலருடைய கொள்கை. கேட்பதற்கு இனிக்கும் இக் கொள்கையை அயர்லாந்துப் பள்ளியொன்றில் எடுத்துச் சொல்வாராயின், சொன்னவரே நாண நேரும். அந் நாட்டு விளையாட்டுக்குள் அரசியலைப் புகுத்தியவர் அந் நாட்டு மக்கள் அல்லர். 1366-ஆம் ஆண்டிலேயே அதைப் புகுத்திவிட்டவர் ஆங்கில ஆட்சியாளர்.

கில்கென்னி நகரில் அவ்வாண்டு கூடிய ஆள்வோர் மன்றம் ஒரு சட்டத் தொகுதியை இயற்றியது. அயர்லாந்திற் குடியேறிய ஆங்கிலர் ஐரிசு மொழி பேசுதல் கூடாது. ஐரிசுக் குடியிற் பெண் கொள்ளுதல் கூடாது. பெருங்கழி கொண்டு தரையிற் பந்தடிக்கும் ஆட்டத்தை ஆடுதலும் கூடாது என்றது அச் சட்டம். வென்றவன் தோற்றவனைத் தடுத்த சட்டமன்று இது. தோற்றவனுடைய மொழியிலும் ஆட்டத்திலும் மயங்கிக் கரைந்துகொண்டிருந்த தன் குடியினரைத் தடுக்க வென்றவன் போட்ட வேலி. அவ்வேலியைத்தானும் ஆங்கிலத்தில் எழுத அவர்கட்கு அன்று இயலவில்லை. பிரெஞ்சு மொழியில்தான் எழுதினர்! இருப்பினும் ஓர் உண்மையை அவர்கள் தெளிவாக அறிந்திருந்தனர். ஓர் இனத்தை அதன் மொழியும் ஆட்டமும் சேர்ந்தே பிணைத்து வைத்திருக்கின்றன என்பதே அவ் வுண்மை. அதனாலேதான் இரண்டையும் ஒரே சட்டத்தில் வைத்தனர். அறுநூற்றைம்பது ஆண்டுகட்கு முன் ஆள வந்தவனுக்குத் தெரிந்தது, இற்றை நடுவுநிலையாளர்க்குத் தெரியவில்லை.

பெருங்கழி கொண்டாடும் அவ் வாட்டமே இன்று அர்லிங்கு எனப்படுவது. வேரோடு வளைந்த அடிமரத்திற் செதுக்கிய மட்டையால் சிறு பந்தை அடித்தும் ஏந்தியும் ஓடும் கடு விரைவான ஆட்டம். மட்டைக்கு ஐரிசு மொழியில் கமான் என்று பெயர். இவ் வாட்டத்தையும், அவர்களுக்கே உரிய கெய்லியக் காற்பந்தையும், அயலிலிருந்து வந்த உதைபந்து, இரக்பி, மட்டைப்பந்து ஆகியவற்றையும் அருகருகே வைத்துக் காட்டினால், கடந்த நூற்றைம்பது ஆண்டு ஐரிசுக் குமுகாயம் முழுவதையும் ஒரு பிள்ளை தெளிவாகக் கண்டுகொள்ளும். எவன் நிலக்கிழான், எவன் குடியானவன், எவன் நகரத் தொழிலாளி, எவன் பணம் கட்டிப் பயிலும் பள்ளியிற் படித்தவன் என்பதை அவனவன் ஆடிய பந்தே சொல்லிவிடும். தப்ளினில் இரக்பி பணக்காரப் பள்ளிகளின் ஆட்டம்; அதே இரக்பி இலிமரிக்கு நகரில் கூலித் தொழிலாளர் ஆட்டம். உதைபந்து தப்ளின், பெல்பாசுட்டு நகரங்களின் நெருக்கமான தெருக்களில் வளர்ந்தது. இவ் வேறுபாடுகளை விட்டுவிட்டு, ‘ஐரிசு மக்கள் விளையாட்டில் நாட்டமுடையோர்’ என்று ஒரு வரி எழுதி வைப்பது பாடம் ஆகாது.

தொடங்க வேண்டிய இடம் திப்பரேரி மாவட்டத்துத் தர்லசு என்னும் சிற்றூர். 1884-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அங்கு ஒரு விடுதியில் விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் கூடிக் கெய்லிய விளையாட்டுக் கழகத்தை நிறுவினர். முன்னின்றவர் மைக்கேல் கியூசாக்கு. கிளேர் மாவட்டத்தில் ஐரிசு மொழி பேசிய குடியிற் பிறந்தவர், பள்ளியாசிரியர். ஆங்கில அரசின் பணித்தேர்வுகட்கு இளைஞரை ஆயத்தப்படுத்தும் பள்ளி ஒன்றைத் தப்ளினில் நடத்தியவரும் அவரே. இரக்பியும் மட்டைப்பந்தும் ஆடிப் பார்த்தவரும் அவரே. அயலானுக்குப் பணிசெய்ய ஆள் ஆயத்தம் செய்துகொண்டிருந்த ஆசிரியர்க்கே அயன்மை உறைத்தது என்னும் செய்தியைப் பிள்ளைகளிடம் மறைத்தல் கூடாது.

அக் கழகம் எதற்கு வேண்டியிருந்தது? அந்நாளில் ஓட்டப் பந்தயங்களும் தாவல் பந்தயங்களும் செல்வர் கையில் இருந்தன. கைவினைஞரையும் கூலியாளரையும் தம்மோடு ஓட விடாத கழகங்கள் அவை. போட்டிகள் நடந்தது காரிக்கிழமையில். உழைப்பாளிக்கு ஓய்வு கிடைத்தது ஞாயிற்றுக்கிழமையில் மட்டுமே. ஞாயிறன்று ஆடுவது சீர்திருத்தத் திருச்சபையினர்க்கு ஆகாது. கெய்லிய விளையாட்டுக் கழகம் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் பங்குதோறும் ஒரு குழு என வகுத்துக்கொண்டது. பூசை முடிந்து வெளிவரும் உழவன் நேரே திடலுக்குப் போனான். கிழமையைத் தேர்ந்த ஒரே செயலில் வகுப்பு, சமயம், உழைப்பு மூன்றும் அடங்கிக் கிடக்கின்றன. ‘ஏன் ஞாயிற்றுக்கிழமை?’ என்னும் ஒரு வினாவை வைத்தே ஒரு பாட வேளை முழுவதையும் நடத்தலாம்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். மட்டைப்பந்து கோட்டைக்குள் இருந்த ஆங்கிலர் மட்டும் ஆடிய ஆட்டம் என்பது பொய். 1870-களில் அர்லிங்கின் தாயகங்களான திப்பரேரியிலும் கில்கென்னியிலுமே உழவரும் கூலியாளரும் மட்டைப்பந்து ஆடினர். 1845-இல் தொடங்கிய பெருவற்கடத்தில் ஏறத்தாழப் பத்து இலக்கம் மக்கள் மாண்டனர்; ஏறத்தாழ அத்துணைப் பேர் கப்பலேறினர். ஆடுவதற்கு ஆளும் இல்லை, ஆற்றலும் இல்லை. வெறுமையான திடலில் அயலாட்டம் வந்து அமர்ந்தது. கழகம் தோன்றிய ஆண்டின் திசம்பரில் அதன் புரவலராக இருக்க இசைந்த குரோக்குப் பேராயர், அயலாட்டங்களையும் அயலுடைகளையும் தம் மக்கள் விரும்பி ஏற்பதைக் கண்டித்து மடல் எழுதினார். கண்டிக்க வேண்டிய அளவுக்கு மக்கள் அவற்றை ஏற்றிருந்தனர் என்பது அதன் பொருளன்றோ? இனப்பற்று ஊட்டுவதாக எண்ணி இதை மறைக்கும் ஆசிரியர், மீட்டெடுத்தோர் செயலின் பெருமையையே குறைத்துவிடுகிறார்.

1918-இல் பொதுக்கூட்டம் எதற்கும் ஆட்சியின் எழுத்திசைவு வேண்டும் என்று ஆங்கில அரசு ஆணையிட்டது. ஆட்டங்களும் அதில் அடங்கின. இசைவு கேட்டு எவனும் விண்ணப்பிக்கக் கூடாது என்று கழகம் முடிவு செய்தது. ஆகசுட்டு 4-ஆம் நாள், ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு, நாடெங்கும் ஒரே வேளையில் பந்தை உருட்டினர். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்று ஆடியதாகச் சொல்வர். ஊர்தோறும் ஒரே மணிக்கு மட்டையோடு நின்றவரைச் சிறையிலடைக்க எந்த அரசிடம் சிறை இருந்தது?

ஈராண்டு கழித்து அவ்வரசு சிறைக்கு மாறாகத் துமுக்கியை எடுத்தது. 1920 நவம்பர் 21. அன்று காலை ஐரிசு விடுதலைப் படையினர் தப்ளினில் ஆங்கில உளவாளர்களை அவர்தம் இருப்பிடங்களிலேயே சுட்டுக் கொன்றிருந்தனர். பிற்பகலில் குரோக்குத் திடலில் தப்ளினுக்கும் திப்பரேரிக்கும் காற்பந்தாட்டம். ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் அரசின் காவற்படை திடலுக்குட் புகுந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டது. சூடு ஒன்றரை நிமையம் நீடித்தது. மாண்டவர் பதினால்வர். ஒருவர் திப்பரேரி ஆட்டக்காரர் மைக்கேல் ஓகன்; ஆடிய உடையோடே விழுந்தார். ஐந்து நாளில் மணமகளாக இருந்த ஒரு பெண் மாண்டாள். மூவர் சிறுவர், அவர்க்கு ஆண்டு பத்து, பதினொன்று, பதினான்கு. வகுப்பில் அமர்ந்து இதைப் படிக்கும் பிள்ளைக்கும் அதே ஆண்டுதான் இருக்கும். உசாவல் மூடிய அறைக்குள் நடந்தது. ‘விளையாட்டில் அரசியல் வேண்டா’ என்பார் அப் பதினொன்றாண்டுச் சிறுவனிடம் யாது சொல்வார்? அவன் ஆட்டம் பார்க்கத்தான் போனான்.

அத் திடலின் ஒரு கோடியில் ‘மேடு பதினாறு’ என்றொரு நிலைமேடை உண்டு. 1916-ஆம் ஆண்டு உயிர்த்தெழு திருநாட் கிளர்ச்சியில் இடிந்த கட்டடங்களின் கற்களைக் கொண்டு கட்டியது அது என்று தாத்தாக்கள் பேரன்மார்க்குச் சொல்வர். இனிய கதை, ஆயினும் கதையே. 1915-இலேயே அம் மேடை எழுந்துவிட்டது. அப்போது அதன் பெயர் ‘மேடு அறுபது’. கல்லிப்போலிப் போர்க்களத்தில் ஆங்கில மன்னனுக்காகப் போரிட்ட ஐரிசுப் படைஞரின் நினைவு அப் பெயரில் இருந்தது. பின்னர்ப் பெயரை மாற்றினர்; கதையைச் சேர்த்தனர். ஒரே மேட்டின் இரு பெயர்கள் ஒரே மக்களின் இரு வாழ்க்கைகள். மன்னன் படையில் கூலிக்குச் சேர்ந்த அண்ணனும் மன்னனை எதிர்த்துத் துமுக்கி ஏந்திய தம்பியும் ஒரே வீட்டில் உண்டு உறங்கிய காலம் அது. பிள்ளைகட்குக் கதையையும் சொல்லுக. அது கதை என்பதையும் சொல்லுக. ஏன் அக் கதை வேண்டியிருந்தது என்பதையும் சொல்லுக.

இனி, தூய்மை காக்கும் இயக்கத்தார் இருமுறை படிக்க வேண்டிய பக்கம் ஒன்றுண்டு. உறுப்பினர் எவரும் உதைபந்து, இரக்பி, வளைகோற்பந்து, மட்டைப்பந்து ஆகிய அயலாட்டங்களை ஆடுதலோ பார்த்தலோ கூடாதென்று கழகம் ஒரு தடைவிதி வைத்திருந்தது. காவற்படையின் பாசறைகளில் அவ் வாட்டங்கள் ஆடப்பட்ட காலத்தில் அத் தடைக்குப் பொருள் இருந்தது. ஆள்பவனோடு தோளணைத்து ஆடுபவன் அவனோடு தோளணைத்து வேறு செயலும் செய்வான் என்னும் அச்சம் அடிப்படையற்றதன்று. ஆனால் 1922-இல் அவ்வரசு தெற்கே நீங்கிய பின்னும் தடை நீங்கவில்லை. கண்காணிப்புக் குழுக்கள் தோன்றின. அயலாட்டத் திடலின் வாயிலில் நின்று, ‘நம்மவன் எவன் உள்ளே போகிறான்’ என்று குறித்துக்கொள்வதே அவர் தொண்டு!

தக்ளசு ஐடு யார்? சீர்திருத்தத் திருச்சபைக் குருவொருவரின் மகனாகப் பிறந்து, ஐரிசு மொழியைக் குடியானவர் வாயிலிருந்து கற்று, 1893-இல் கெய்லிய மொழிக் கழகத்தை நிறுவுதற்குத் தலைநின்றவர். அதற்கு முந்திய ஆண்டில், அயர்லாந்தை ஆங்கிலமயத்திலிருந்து விடுவிப்பதன் தேவையைப் பற்றி ஆற்றிய பெயர்பெற்ற உரையில், அரசியலார் பேச்சுகளினும் விளையாட்டுக் கழகத்தின் பணி நாட்டுக்கு நன்மை செய்தது என்று புகழ்ந்தவர். 1938-இல் அந் நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டு நவம்பர் 13-ஆம் நாள், தம் நாட்டுக் குழு போலந்துக் குழுவோடு ஆடிய உதைபந்தாட்டத்தைத் தலைவர் என்ற முறையிற் சென்று பார்த்தார். அடுத்த மாதமே விளையாட்டுக் கழகம் அவரைப் புரவலர் நிலையினின்று நீக்கியது.

மொழிக்கு உயிரூட்டிய முதியவரை, மொழிக்கு உறுதி கூறிய கழகம், ஒரு பந்தைப் பார்த்ததற்காக வெளியேற்றியது! தே வலேரா இரக்பியை வாழ்நாளெல்லாம் விரும்பியவர் என்பது ஊரறிந்த செய்தி. அக் கழகத்தின் மேடையில் ஏறிய அரசியலார் எத்துணைப் பேர் வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசினர்? அவர்களைக் குறித்துக்கொள்ள எந்த வாயிலிலும் எந்தக் குழுவும் நிற்கவில்லை. ஆட்டத்தில் அயன்மையை மோப்பம் பிடித்தவர் மூக்கு, நாவில் இருந்த அயன்மையை அறியவில்லை. தூய்மை காப்பது வேறு; வாயிற்படியில் நின்று ஒற்றறிவது வேறு. இப் பக்கத்தைப் பாடத்திலிருந்து கிழித்துவிட்டு முன்பக்கத்துப் பெருமையை மட்டும் ஓதுவிக்கும் ஆசிரியர், பிள்ளைகளுக்குச் செய்வது கேடு.

பெண்கள் நிலையையும் திடல் காட்டும். மொழிக் கழகத்துப் பெண்கள் 1904-இல் கமோகி என்னும் பெயரில் தமக்கென மட்டையாட்டம் வகுத்துக்கொண்டனர். 1934-இல் ஆடவர் பங்கேற்கும் தடகளக் கூட்டங்களில் பெண்டிரும் ஓடலாம் என்று ஒரு முடிவு எழுந்தபோது, பின்னாளில் தப்ளின் பேராயரான மக்குவைடு எதிர்த்துக் குரலெழுப்பினார்; முடிவு கைவிடப்பட்டது. 1956-இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஓடச் சென்ற மேவ் கைல், அந் நாட்டுத் தடகளப் பெண்டிருள் ஒலிம்பிக்குக்குச் சென்ற முதலாமவர். கணவனையும் குழந்தையையும் விட்டுச் சென்றாள் என்று இதழ்களுக்கு மடல் எழுதிப் பழித்தோர் இருந்தனர். அதே மெல்பர்னில் பொன் வென்ற உரோனி தெலானியை எவரும் ‘வீட்டை விட்டு ஏன் வந்தாய்?’ என்று வினவவில்லை. பெண்கள் காற்பந்துக் கழகம் அமைந்தது 1974-இல். அதே தர்லசில், அதே விடுதியில், தொண்ணூறு ஆண்டு காலந்தாழ்த்து!

நாட்டை விட்டுப் போனவர் வரலாறும் திடலில்தான் இருக்கிறது. 1947-இல் அனைத்து அயர்லாந்துக் காற்பந்து இறுதியாட்டம் நியூயார்க்கில் நடந்தது. பெருவற்கடத்தின் கொடுமை உச்சமடைந்த ஆண்டுக்கு அது நூறாம் ஆண்டு. கப்பலேறியவரின் பெயரர்கள் அங்கே கூடிக் காண, கவான் மாவட்டம் கெரியை வென்றது. கடல் கடந்து வானொலியில் விளக்கம் சொன்ன மைக்கேல் ஓகெகர், இணைப்புக்கு ஒதுக்கிய நேரம் முடியும் தறுவாயில், இன்னும் ஐந்து நிமையம் தருமாறு காற்றலையிலேயே இரந்தார், கிடைத்தது. 1988-இல் சுடுட்காட்டில் இங்கிலாந்தை வீழ்த்திய உதைபந்துக் குழுவின் ஒரே பந்தை அடித்த இரே ஓட்டன் பிறந்தது இசுக்காட்லாந்தின் கிளாசுகோவில். பிழைக்கப் போனவன் பிள்ளை திரும்பி வந்து அடித்த பந்து அது. வடக்கே நிலை வேறு. கிராசுமக்லென் ஊரில் கெய்லிய ஆட்டத் திடலின் ஒரு பகுதியையே ஆங்கிலப் படை 1970-களிற் பாசறைக்கு எடுத்துக்கொண்டது. அப் படையினரும் காவலரும் கழகத்திற் சேரலாகாது என்ற விதி 2001-இல்தான் நீங்கியது. 2007 பிப்ரவரி 24 அன்று, பதினால்வர் மாண்ட அதே குரோக்குத் திடலில் ஆங்கில இரக்பிக் குழு வந்து நின்றது. ஆங்கில நாட்டுப்பண் ஒலித்தது. எண்பதினாயிரம் பேர் அமைதியாக நின்று கேட்டனர். பின்னர் ஆட்டத்தில் 43-க்கு 13 என்று வென்றனர். அவ் வமைதி அச்சத்தால் வந்ததன்று.

கற்பிக்கும் முறைக்கு அந் நாட்டிலேயே ஒரு வழிகாட்டல் உண்டு. 1937-க்கும் 1939-க்கும் இடையில், ஐரிசு நாட்டுப்புறவியல் ஆணையம் ஏறத்தாழ ஐயாயிரம் பள்ளிகளில் ஐம்பதாயிரம் பிள்ளைகளிடம் குறிப்பேடுகளைக் கொடுத்தது. வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வருக என்றது. ஊர்த் திடல் எங்கே இருந்தது, பந்தை எதனால் செய்தனர், எந்த ஊரோடு ஆடினர், சண்டை எதனால் வந்தது என்று பத்துப் பன்னிரண்டு ஆண்டுப் பிள்ளைகள் எழுதி வந்தனர். அக் குறிப்பேடுகள் இன்றும் காக்கப்படுகின்றன. பேரனுக்கும் பாட்டனுக்கும் இடையில் ஒரு பந்தை வைத்த அவ் வாசிரியர்களினும் நல்ல வரலாற்றாசிரியர் யார்?

இத்துணையும் கற்பித்த பின் எஞ்சும் வினா ஒன்று, எல்லாவற்றினும் கடியது. திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் யாத்த கால்டுவெல் பிறந்த அம் மண்ணில், மட்டை மீண்டது, மொழி மீண்டதா? ஐரிசு பேசிய ஒவ்வொரு முறைக்கும் பிள்ளையின் கழுத்திற் கட்டிய கோலில் ஒரு வெட்டுப் போட்டு, மாலையில் வெட்டுகளை எண்ணி அடித்த காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1922-இல் ஆட்சி கைக்கு வந்தது. பள்ளிதோறும் ஐரிசு கட்டாயமாயிற்று. 1973 வரை ஐரிசில் தேறாதவர்க்குப் பள்ளியிறுதிச் சான்றிதழே இல்லை. அரசும், சட்டமும், பாடநூலும், தேர்வும் மொழியின் பக்கம் நின்றன. அர்லிங்குக்கோ தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. பங்குக் குழுவும் ஞாயிற்றுக்கிழமையும் தகப்பன் கையில் ஒரு மட்டையும் மகன் கையில் ஒரு சிறு மட்டையுமே இருந்தன.

2022-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஐரிசு பேச வரும் என்று சொன்னவர் பதினெட்டு இலக்கத்துக்கும் மேல். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் 71,968 பேர். குரோக்குத் திடல் கொள்ளும் தொகை 82,300. இக் கழித்தற் கணக்கை ஆசிரியர் போட்டுக் காட்ட வேண்டா, பிள்ளைகளே போடட்டும். நாள்தோறும் தம் மொழியைப் பேசுவார் அனைவரையும் அழைத்து வந்து அமர்த்தினாலும், அத் திடலில் பதினாயிரம் இடம் வெறுமையாகக் கிடக்கும். வென்ற குழுத்தலைவன் கோப்பையை ஏந்திக்கொண்டு முதல் வரியை ஐரிசிற் சொல்வான். அடுத்த வரி பெரும்பாலும் ஆங்கிலம். 1980-இல் கால்வே மாவட்டத் தலைவர் சோ கானலி தம் உரையை ஐரிசு மொழியில் ஆற்றியதை நாற்பதாண்டு கடந்தும் மக்கள் வியந்து பேசுகின்றனர். வியப்புக்கு உரியதாகி விட்டதே அதன் அவலம். ஆட்டத்தை மக்கள் தம் கையில் வைத்துக்கொண்டனர். மொழியை அரசின் கையிற் கொடுத்துவிட்டுத் திடலுக்குப் போய்விட்டனர். தேர்வுக்குப் படித்த மொழி தேர்வறையோடு நின்றது.

அயலாட்டத் தடைவிதியைக் கழகம் நீக்கியது 1971-இல், பெல்பாசுட்டில் கூடிய மாநாட்டில். அதே ஆண்டில், அதே பெல்பாசுட்டில், வேறொரு செயலும் நடந்தது. சில இளங்குடும்பத்தினர் தாமே பணம் திரட்டிச் சா சாலையில் அண்டை அண்டையாக வீடு கட்டிக்கொண்டு, வீட்டில் ஐரிசு மட்டுமே பேசுவதென்று உறுதி பூண்டு குடியிருந்தனர். தம் பிள்ளைகட்கு அவர்கள் அவ்வாண்டு ஒரு பள்ளி தொடங்கினர். எந்த அரசும் கேட்கவில்லை; எந்தச் சட்டமும் ஏவவில்லை; ஆட்சியின் ஒப்புதலும் உதவியும் வந்தது 1984-இல்தான். தொடங்கிய நாளில் அப் பள்ளியில் இருந்த பிள்ளைகள் ஒன்பதின்மர்.